ஜீப்பில் ஏறிய வேட்பாளர்

மைக்கைப் பிடிக்கிறவர்கள் எல்லோரும் பொய்யர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். மைக்கைப் பிடித்த நிமிடத்தில், தான் சொல்வது பொய் என்பதே அவர்களுக்கு மறந்துபோகிறது, அவ்வளவுதான். எனக்கே ஒருமுறை மறந்திருக்கிறது. அதற்காக ஒரு நாள் முழுக்க ஏலத்தோட்டத்தில் உட்கார்ந்து அட்டைகளுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன்.

இது நடந்தது இரண்டாயிரத்து ஆறு உள்ளாட்சித் தேர்தலில். கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு பேரூராட்சி எங்களுடையது. (ஊர்ப் பெயர் வேண்டாம். ஏற்கெனவே சிரித்தது போதும்.) என் வீட்டுக்காரர் முத்துவேல் ஐந்து வருடமாக எங்கள் வார்டுக் கவுன்சிலர். கட்சிக்காரர்கள் அவருக்குச் ‘சொல்லருவி’ என்று பட்டம் கொடுத்திருந்தார்கள். பட்டத்தை யோசித்ததும் அவர்தான், கொடுக்கச் சொன்னதும் அவர்தான்.

அந்த அருவி வீட்டிலும் கொட்டும். காலையில் காபி ஐந்து நிமிடம் தாமதமானால் அடுப்படி வாசலில் வந்து நின்று, “ஒரு குவளைக் காபிக்காகக்கூட இந்த மண்ணில் ஒரு மனிதன் போராடித்தான் ஆக வேண்டுமா?” என்று கேட்பார். ரசத்தில் உப்பு குறைந்தால், “நான் உன்னைக் குற்றம் சொல்லவில்லை, காலத்தைக் குற்றம் சொல்கிறேன்” என்பார். மேடையில் அழுவதற்காகத் தோள்துண்டின் ஒரு ஓரத்தில் தலைவலித் தைலம் தடவி வைத்திருப்பார். ஒருநாள் தெரியாமல் அந்தத் துண்டால் மகளுக்கு முகம் துடைத்துவிட்டேன். ஒண்ணாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை பள்ளிக்கூடம் முடியும் வரைக்கும் அழுதது.

அந்தத் தேர்தலில் எங்கள் வார்டைப் பெண்கள் வார்டாக்கிவிட்டார்கள். செய்தி வந்த அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாள், முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த என்னை எட்ட நின்று பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் விரித்து, “வேட்பாளரை ஏன் வெளியே தேட வேண்டும்? இதோ இருக்கிறார்!” என்றார். வீட்டில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. ஆனாலும் கைதட்டலுக்கு இடம்விட்டு நிறுத்தினார்.

“அய்யய்யோ, நானா?” என்றேன். இரண்டாம் முறை கேட்டபோதும் “அய்யய்யோ” என்றேன். மூன்றாம் முறை சொல்லவில்லை, அவர் மனசு மாறிவிட்டால் என்ன செய்வது! உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு ஆசை இருந்தது. ஐந்து வருடமாகத் தண்ணீர்க் குழாயடியில் நான் ‘கவுன்சிலர் பொண்டாட்டி’. மளிகைக் கடையில் ‘கவுன்சிலர் வீட்டம்மா’. ‘கவுன்சிலர் செல்வராணி’ என்று யாராவது ஒருவர், ஒரே ஒருமுறை கூப்பிட்டால் போதும் என்று நினைத்தேன்.

பிளக்ஸ் வந்தபோதே அந்த ஆசையில் முதல் அடி விழுந்தது. அதில் அவர் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். அவர் முழங்கைக்குக் கீழே, தபால்தலை அளவில், பவுடர் அப்பிய ஒரு முகம். அது நான். பிரச்சார ஆட்டோவில் பேசிய ஆளோ பத்து நாளும் என் பெயரைச் சொல்லவே இல்லை. “அண்ணன் சொல்லருவியாரின் அன்புத் துணைவியார் உங்கள் இல்லம் தேடி இதோ வந்துகொண்டிருக்கிறார்” என்றேதான் சொன்னார். துணைவியார் பின்னால் செருப்பு அறுந்து நடந்து வந்துகொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் என் வீட்டுக்காரருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வேறு வழியில்லாமல் மைக்கை என் கையில் கொடுத்தார். “நான் உங்கள் வீட்டுப் பிள்ளை” என்றேன். நாலு பேர் கைதட்டினார்கள். “உங்கள் அடுப்பில் புகை வந்தால் என் கண்ணில் நீர் வரும்” என்றேன். பத்துப் பேர் தட்டினார்கள். கிறுக்குப் பிடிக்க அது போதாதா? அன்றிலிருந்து பீரோக் கண்ணாடி முன்னால் நின்று கையை ஆட்டிப் பழக ஆரம்பித்தேன். மகள் “அம்மா, பசிக்குது” என்றால், “பசி என்ற சொல்லே இல்லாத ஒரு வார்டை…” என்று தொடங்கிவிட்டுத்தான் தட்டை எடுப்பேன்.

எங்கள் வார்டில் பாதி வீட்டுப் பெண்கள் மலைக்குப் போகிறவர்கள். விடிவதற்கு முன்னால் ஜீப் ஸ்டாண்டில் கூடுவார்கள். கம்பம்மெட்டு வழியாக மேலே ஏறி, கேரளாப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் காய் எடுத்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவார்கள். வீடு வீடாகப் போனால் அவர்கள் கையில் சிக்கமாட்டார்கள். அந்த ஓட்டு விழுந்தால் ஜெயிப்பேன், விழாவிட்டால் தோற்பேன். கணக்கு அவ்வளவுதான். அதனால் தேர்தலுக்கு நாலு நாள் முன்னால் என் வீட்டுக்காரர் ஒரு திட்டம் போட்டார். காலையில் ஜீப் கிளம்பும் நேரத்தில் ஸ்டாண்டில் நான் பேசவேண்டும். சாயங்காலம் ஜீப்புகள் இறங்கும் நேரத்தில் அதே இடத்தில் பொதுக்கூட்டம். அதற்கு ‘மாவட்டம்’ வருகிறார். (மாவட்டச் செயலாளரை எங்கள் பக்கம் மாவட்டம் என்றுதான் சொல்வோம். ஒன்றியச் செயலாளர் ஒன்றியம். “மாவட்டம் குளிக்குது, ஒன்றியம் வெளிய நிக்குது” என்று பேசிக்கொள்வார்கள்.) மாவட்டம் என் கையைப் பிடித்து உயர்த்திக் காட்டினால் வெற்றி உறுதி என்று அவர் நம்பினார்.

காலைப் பேச்சை அவரே எழுதிக் கொடுத்தார். அதில் ஒரு வரி எனக்கு ரொம்பவும் பிடித்தது: “உங்கள் ரத்தத்தைக் குடிக்க வரும் அட்டை, முதலில் என் ரத்தத்தைக் குடிக்கட்டும்!” கண்ணாடி முன்னால் இருபது முறை சொல்லிப் பார்த்தேன்.

அன்று அதிகாலையில் சுங்குடிச் சேலை, தலை நிறைய மல்லிகை, கட்சித் துண்டு சகிதம் ஸ்டாண்டில் ஒரு நாற்காலி மேல் ஏறி நின்றேன். எதிரே ஐம்பது அறுபது பெண்கள். சேலைக்கு மேலே ஆண்களின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, கையில் தூக்குச்சட்டி. அட்டை வரியைச் சொன்னேன். ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மைக் கையில் இருக்கிறதே! எழுதிக் கொடுக்காததை நானே சேர்த்தேன்.

“என்றைக்கோ அல்ல! இன்றைக்கே உங்களோடு மலையேறத் தயார்! இந்த நிமிடமே தயார்!”

இப்படிச் சொன்னால் கைதட்டுவார்கள் என்பது என் எண்ணம். தட்டவில்லை. கூட்டத்தில் ஐம்பது வயதுக்கு மேலிருந்த ஓர் அம்மாள் ஜீப்பைத் திரும்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர்தான் பேச்சியக்கா. ஒரு ஜீப்புக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப் போகிறவர்.

ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு, அது எனக்கு அப்போது தெரியாது. இத்தனை ஆள் வேண்டும் என்று தோட்டத்தில் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். ஒத்துக்கொண்ட தலைகள் காலையில் போய்ச் சேர்ந்தாக வேண்டும். குறைந்தால், மறுநாள் அந்த வேலை வேறு ஜீப்புக்காரிக்குப் போய்விடும். அதனால் விடிகாலையில் அங்கே யார் “நான் வாரேன்” என்று சொன்னாலும் அது பேச்சு அல்ல, வேலைக்கு ஒப்புதல்.

“சொர்ணத்துக்குக் காச்சல்னு வரல. ஒரு ஆளு கொறையுது” என்றார் பேச்சியக்கா. “வா ஆத்தா, ஏறு. நேரமாச்சு.”

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் முகம் பிரகாசமாக இருந்தது. பக்கத்தில் பத்திரிகைக்குப் படம் எடுக்கிற ஆளையும் கூட்டி வந்திருந்தார். என் காதருகே குனிந்தார்.

“ஏறு ராணி! இந்த மாதிரி ஒரு காட்சி யாருக்கு அமையும்? அடிவாரத்துல நிப்பாட்டி எறங்கிரு. நான் மொபட்ல பின்னாடியே வாரேன்.”

ஏறினேன். கதவருகே நின்று கும்பிட்டேன், படம் எடுத்தார்கள். அதற்குள் எனக்குப் பின்னால் எட்டுப் பேர் ஏறிவிட்டார்கள். எட்டுப் பேர் உட்காரும் ஜீப்பில் இருபது பேர். என் மடியில் ஒருத்தி, நான் இன்னொருத்தி மடியில். கையை அசைக்கக்கூட இடமில்லை, அதில் கதவு எங்கே, அடிவாரம் எங்கே! “டிரைவரண்ணே, அடிவாரத்துல கொஞ்சம் நிறுத்துங்க” என்றேன். பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டு ஓட்டிக்கொண்டிருந்த டிரைவர், “இன்னைக்கி நாலாவது வண்டியாக் கெளம்பிருக்கோம்த்தா. நிப்பாட்டுனா எங்கன போயிச் சேர்றது?” என்று மிதித்தார்.

அடிவாரம் போய்விட்டது. பின்னால் மொபட் வந்தது. என் வீட்டுக்காரர் ஒரு கையை விட்டு, நிறுத்தச் சொல்லி வீசு வீசென்று வீசினார். பெண்கள் அதைப் பார்த்துவிட்டு எல்லோரும் திரும்பக் கையசைத்தார்கள். “ஓட்டு ஒங்களுக்குத்தேண்ணே! இம்புட்டுத் தொலவா வந்து கேக்கணும்?” என்று ஒருத்தி கத்தினாள். முதல் கொண்டை ஊசி வளைவில் மொபட் இருமியது, இரண்டாவதில் நின்றது. அருவி ரோட்டோரம் இறங்கித் தள்ளிக்கொண்டு போனதுதான் நான் கடைசியாகப் பார்த்தது. வீட்டில் இருந்த ஒரே செல்போனும் அவர் சட்டைப்பையில்.

தோட்டத்தில் சூப்பர்வைசர் தலை எண்ணினார். மல்லிகைப்பூவைப் பார்த்து ஒரு கணம் நின்றார். “இது புதிய ஆளோ?” என்றார். நான் நிமிர்ந்து நின்று, நான் வேட்பாளர், மாலையில் எனக்குப் பொதுக்கூட்டம் இருக்கிறது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். “வோட்டொக்கெ வைகிட்டு. இப்போ காயெடுக்கு” என்றார். ஓட்டெல்லாம் சாயங்காலம், இப்போது காய் எடு என்று அர்த்தம். இறங்கிப் போக வேறு வண்டியும் கிடையாது. பேச்சியக்கா ஒரு பழைய சட்டையைத் தூக்கிப் போட்டார்.

ஏலக்காய் மரத்தில் தொங்கும் என்று நினைத்திருந்தேன். (சிரிக்காதீர்கள். பாயசத்தில் போட்டுத்தான் எனக்குப் பழக்கம்.) அது செடியின் அடியில், தரையோடு தரையாகக் கிடக்கிறது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நகர்ந்து நகர்ந்து எடுக்கவேண்டும். விளைந்த காயை மட்டும் எடுக்கவேண்டும், பிஞ்சைத் தொடக்கூடாது. எனக்கு எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்தது. ஒரு மணி நேரத்தில் என் பையில் கால்வாசி காய், கால்வாசி பிஞ்சு, மீதி பூ. சூப்பர்வைசர் வருவதற்குள் பேச்சியக்கா என் பையைக் கவிழ்த்துப் பூவைப் புதைத்துவிட்டு, தன் பையிலிருந்து இரண்டு கை அள்ளிப் போட்டார். அன்று முழுக்கப் பட்ட வெட்கத்தில் அதுதான் பெரிய வெட்கம்.

மழை பிடித்தது. அட்டை வந்தது. கணுக்காலில் முதல் அட்டையைப் பார்த்ததும் நான் போட்ட கூச்சலுக்கு அடுத்த தோட்டத்திலிருந்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள்.

“என்ன ஆத்தா கத்துற? மொதல்ல ஒன் ரத்தத்தத்தான் குடிக்கணும்னு நீதான சொன்ன? குடிச்சிட்டுப் போகுது, விடு” என்றாள் ஒரு பெண். மற்றவர்கள் சிரித்த சிரிப்பில் செடியெல்லாம் ஆடியது.

மத்தியானம் சாப்பாட்டைப் பங்கு வைத்துக் கொடுத்தார்கள். எனக்கு விக்கியது. தண்ணீர்ப் பாத்திரத்தை எடுத்தேன். பேச்சியக்கா கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஒரு மடக்குக் குடி, போதும். இங்கன ஒதுங்குனா அட்டை, அங்குட்டுப் போனா ஆம்பளையாளுக. கீழ ஸ்டாண்டுலயும் ஒரு மறைவு கெடையாது. காலையில வீட்ட விட்டா மறுபடி வீடுதேன். நாங்க யாரும் தண்ணி குடிக்கிறதில்ல.” பிறகு, “சொல்ல வேண்டியவுகட்டச் சொல்லிப் பாத்தாச்சு” என்று ஏதோ தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

நான் அதற்குள் இரண்டு செம்பு குடித்திருந்தேன்.

சாயங்காலம் ஜீப் மலையிறங்கியபோது, உடம்பில் எனக்கு நினைவிருந்தது ஒரே ஒரு பாகம்தான். ஒவ்வொரு வளைவிலும் கடவுளைக் கூப்பிட்டேன். ஸ்டாண்டு வந்தது. மேடை, குழல்விளக்கு, நாலு பக்கமும் ஒலிபெருக்கி. மாவட்டம் மேடையில் முழங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் என் வீட்டுக்காரர் வெளிறிப்போய் நின்றார். வேட்பாளர் அடுத்த தெருவில் ஓட்டுக் கேட்கிறார், இதோ வந்துவிடுவார் என்று ஒரு மணி நேரமாகச் சமாளித்திருக்கிறார்.

மாவட்டத்துக்கு ஒரு பழக்கம். எந்த ஊருக்குப் போனாலும் கூட்டத்திலிருந்து ஓர் ஏழைத் தாயை மேடைக்கு அழைத்து, பொன்னாடை போர்த்தி, குறை கேட்டு அழுவார். நாங்கள் இறங்கியதும் அவர் பார்வை ஜீப் பக்கம் திரும்பியது. இருபது பெண்களில் மிகவும் பரிதாபமாக இருந்தது யார் என்று நான் சொல்ல வேண்டுமா? கிழிந்த சட்டை, சேறு, காலில் வடிந்த ரத்தம், நிற்கமுடியாமல் மாறி மாறிக் கால் மாற்றும் அவஸ்தை. நேராக இறங்கி வந்து என் கையைப் பிடித்து மேடைக்கு ஏற்றினார்.

“வா தாயே! இந்தக் கைகளைப் பாருங்கள் தோழர்களே! அறுபது ஆண்டுகள் உழைத்துத் தேய்ந்த கைகள்!”

எனக்கு அப்போது வயது முப்பது.

கூட்டத்துக்கு என்னைத் தெரியும். ஒரு பக்கம் சிரிப்பு கிளம்பியது. என் வீட்டுக்காரர், “அண்ணே, அது வந்து…” என்று இழுத்தார். மாவட்டம் உள்ளங்கையைக் காட்டி அடக்கினார். “பேசாதே தம்பி! இந்தத் தாயின் முன்னால் வாய் திறக்க உனக்கும் எனக்கும் தகுதி கிடையாது!” பொன்னாடை என் தோளில் விழுந்தது. மைக் என் வாய்க்கு முன்னால் வந்தது.

“சொல் தாயே! உன் குறை என்ன?”

பீரோக் கண்ணாடி முன்னால் பழகியதெல்லாம் எங்கே போனது என்றே தெரியவில்லை. அடுப்புப் புகையும் வரவில்லை, அட்டையும் வரவில்லை. நாலு ஒலிபெருக்கியிலும் என் குரல் மட்டும் வந்தது.

“எனக்கு ஒண்ணுக்குப் போகணும்.”

வேறு ஒருவராக இருந்தால் மைக்கைப் போட்டுவிட்டு ஓடியிருப்பார். மாவட்டம் முப்பது வருட மேடைக்காரர். கண்ணை மூடினார், உதட்டைக் கடித்தார், வானத்தைப் பார்த்தார்.

“கேட்டீர்களா? பொன் கேட்கவில்லை, பொருள் கேட்கவில்லை! இத்தனை பெண்கள் கூடும் இந்த இடத்தில் ஒரு கழிப்பறை இல்லை! ஐந்து ஆண்டுகளாக இதைக் கண்டும் காணாமல் இருந்த கல் நெஞ்சன் யார்? சொல்லுங்கள்! அந்தக் கயவன் யார்?”

ஸ்டாண்டில் இருந்த அத்தனை பெண்களும் ஒரே குரலில் சொன்னார்கள்.

“அந்தா, ஒங்க பக்கத்துலதேன் நிக்கிறாக!”

மாவட்டம் திரும்பினார். என் வீட்டுக்காரர் கையில் தைலத் துண்டு இருந்தது. அதற்குத் தேவையே இல்லாமல் கண் கலங்கியிருந்தது. “அப்படியானால் வேட்பாளர் எங்கே?” என்று மாவட்டம் மைக்கை மூட மறந்து கேட்டார். என் வீட்டுக்காரர் துண்டோடு கையை நீட்டி என்னைக் காட்டினார்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. “இதுதான் நம் இயக்கம்!” என்று மாவட்டம் முழங்கினார். “வேட்பாளர் எது, தொழிலாளி எது என்று தலைவனுக்கே அடையாளம் தெரியாத இயக்கம்!” என் கையை உயர்த்துவதற்காகத் தேடியிருக்கிறார். கை அங்கே இல்லை. பொன்னாடையோடு எதிர் வீட்டுக் கொல்லைக்கு ஓடிவிட்டேன்.

தோற்றேன். சாதாரணத் தோல்வி இல்லை. எண்ணும் மேஜையில் என் கட்டைப் பார்த்துவிட்டு அதிகாரி, “வேற கட்டு எதுவும் விட்டுப்போச்சா?” என்று கேட்டார். அன்று ராத்திரி நான் நிஜமாகவே அழுதேன். பேச்சியக்காவுமா போடவில்லை என்பதுதான் தாங்கவில்லை. மறுநாள் அவர் வீட்டுக்கே போய்க் கேட்டுவிட்டேன்.

“ஒனக்குக் குத்தக் கூடாதுன்னு இல்ல ஆத்தா” என்றார் பேச்சியக்கா. “ஒனக்குக் குத்துனா அவுகளுக்குக் குத்துனதா ஆயிருமே. தனியா ஒனக்குன்னு குத்த அந்தச் சீட்டுல எடம் இருந்துச்சா, சொல்லு.”

சீட்டில் என் பெயருக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் பெயர்தான் ஒட்டியிருந்தது.

ஜெயித்தவரின் வீட்டுக்காரரும் ஒரு சொல்வீரர்தான். ஆனால் அடுத்த தேர்தலில் தன்னையும் பார்த்து அந்தக் கேள்வியை யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயம் வந்துவிட்டது. ஒரு வருடத்துக்குள் ஸ்டாண்டில் பெண்கள் கழிப்பறை எழுந்தது. பளிங்குக் கல்லில் பதினோரு பெயர்கள். ஒருவராவது அந்தக் கல்லைப் படித்ததாகத் தெரியவில்லை. முதல் நாளிலிருந்தே மலைக்குப் போகிற பெண்கள் அதைச் ‘செல்வராணி கக்கூஸ்’ என்றுதான் சொன்னார்கள். ஜீப் டிரைவர்கள் சொன்னார்கள். பிறகு மினி பஸ் கண்டக்டர், “செல்வராணி கக்கூஸெல்லாம் எறங்கு!” என்று கூவ ஆரம்பித்தார். கல்லில் பெயர் வரவேண்டும் என்பதற்காகவே வாழ்ந்த என் வீட்டுக்காரர், ஒரு வருடம் அந்த பஸ்ஸிலேயே ஏறவில்லை.

போன வருடம் மகளைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் தேனியிலிருந்து வந்தார்கள். வழி கேட்டுப் போன் வந்தது. சொல்லருவி தொண்டையைச் செருமிக்கொண்டு, “பேரூராட்சி அலுவலகத்திலிருந்து தெற்கு நோக்கி வந்தால், வரலாற்றுச் சிறப்பு மிக்க…” என்று தொடங்கினார். அவர்களுக்குப் புரியவில்லை. தண்ணீர்த் தொட்டி என்றார், அரசமரம் என்றார், முன்னாள் கவுன்சிலர் வீடு என்றார். அங்கே யாருக்கும் தெரியவில்லையாம். மகள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, எந்த அலங்காரமும் இல்லாமல் சொன்னார்.

“செல்வராணி கக்கூஸ்னு கேளுங்க. சின்னப்புள்ளகூடச் சொல்லும்.”